ஓம் விதியும் அப்பாவின் மோட்டார்களும்

பத்தாம் வகுப்பில், அறிவியல் தேர்வொன்றில் நான் எழுதிய ஒரு விடை தவறு என்று அடிக்கப்பட்டது. இருபது வருஷங்களுக்கு மேலாக அது தவறு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற சித்திரையில், அண்ணன் மகளுக்காக இயற்பியல் கணக்குகளை உட்கார்ந்து போட்டபோது, அது சரியான விடை என்று தெரிந்தது. முழுக்கச் சரி என்றும் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. இங்கிலீஷ் இலக்கியம் படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, இந்தப் பக்கங்களில் மற்றவர்களுடைய கவிதைகளைப் பற்றி அபிப்ராயம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவன் இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. போகப்போகத் தெரியும்.

கேள்வி இதுதான்: மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் என்ன ஆகும்? ஒரு நடைமுறை உதாரணம் தருக. நான் எழுதினேன்: மின்னோட்டம் கூடும்; உதாரணம், எங்கள் கடைக்கு வரும் மோட்டார்கள்.

எங்கள் கடை என்பது மல்லாங்கிணற்றில் அப்பா வைத்திருந்த மோட்டார் ரீவைண்டிங் கடை. ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது; அதில் தண்ணீர் இருப்பது வேறு விஷயம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முழுக்க மானாவாரிக் காடுதான். கிணறு வைத்திருப்பவன் மோட்டார் வைத்திருப்பான், மோட்டார் வைத்திருப்பவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது காயில் கட்ட வருவான். கோடையில் கடை வாசலில் மூன்று நான்கு மோட்டார்கள் வயிறு திறந்து கிடக்கும். கருகின வார்னிஷின் வாடை எங்கள் சட்டை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு மழை வாடை எப்படியோ, எனக்கு இது அப்படி.

அப்பா எட்டாவதுடன் நின்றவர். மோட்டாரைத் திறந்ததும் சுருள்களை ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். தொடமாட்டார். பிறகு, மோட்டாரைக் கொண்டுவந்தவர் என்ன கதை சொல்லியிருந்தாலும், உண்மையில் என்ன நடந்தது என்று இவர் சொல்வார். மும்முனை மோட்டாருக்குள் மூன்று சுருள் தொகுதிகள் உண்டு. ஸ்டார் இணைப்பில் ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் இரண்டு தொகுதிகள் கரியாகி, மூன்றாவது நேற்றுக் கட்டியது மாதிரி பளபளவென்று இருக்கும். டெல்டா இணைப்பில் நேர்மாறு: ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். மூன்றும் ஒரே சீராகப் பழுப்பேறி, பிறகு கறுத்திருந்தால், அது மெதுவாக வெந்த மோட்டார். "லோ வோல்டேஜ்ல விடாம ஓட்டியிருக்கீக. ஆம்ப்ஸ் கூட இழுத்திருக்கு" என்பார். வந்தவர் தலையைச் சொறிவார்.

பின்னாளில் கல்லூரியில், ஒரு கவிதையைக் கவிஞனின் வாழ்க்கையிலிருந்தோ அவன் சொல்லும் விளக்கத்திலிருந்தோ அல்ல, அதன் உள்ளிருந்தே வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்ற பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் காரியம் எனக்குப் புதிதாக இல்லை.

ஆகவே அந்தக் கேள்வியைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் கூடும். சின்ன வயதிலிருந்து கேட்டது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பில் அது உரக்க வாசிக்கப்பட்டது. கரும்பலகையில் V = IR என்று எழுதி, V குறைந்தால் R மாறாதபோது I என்னாகும் என்று கேட்கப்பட்டது. நாற்பது பேர் ஒரே குரலில் "குறையும்" என்றார்கள். அந்த ஆசிரியரை இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உத்தேசம் எனக்கில்லை. கேள்வி ஓம் விதியைப் பற்றியது, அவர் ஓம் விதியைச் சொன்னார். என் குற்றம் அன்று மாலையில் நடந்தது.

கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். நீங்கள் சொல்வது தப்பு, வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையும், இது விதி. ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் V = IR எழுதிக் காட்டினேன். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "புஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு திறந்த மோட்டாரைக் காட்டி எனக்கு எதையும் அவர் விளக்கியதில்லை. யாராவது கேட்டால், "தம்பி படிக்கிற பிள்ளை" என்று மட்டும் சொல்வார். நான் ப்ளஸ் ஒன்னில் இயற்பியல் இல்லாத பிரிவில் சேர்ந்தேன். பிறகு பி.ஏ. இங்கிலீஷ்.

பாப்பா, அதாவது அண்ணன் மகள், தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்து நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த பயிற்சிப் புத்தகம், யாரோ எழுதிப் பார்த்து விற்றுவிட்ட பழைய பிரதி, முழுக்க இங்கிலீஷ். "சித்தப்பா, கணக்கு எனக்குத் தெரியும். கேள்வி என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று வந்தாள். இந்த மட்டும் என்பது சாதாரண விஷயமில்லை. 2018ல் நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்குப் போனது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் முதலில் அதை நிறுத்திவைத்து, அந்த வருஷமே ரத்தும் செய்தது. மொழிபெயர்ப்பில் மூலத்துக்கு விசுவாசம், வாசகனுக்கு விசுவாசம் என்றெல்லாம் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு சொல்லுக்கு 4 மதிப்பெண்.

தினமும் வங்கி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம். நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன், அவள் போடுவாள். நாலைந்து நாட்களில் எனக்கும் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. பகலெல்லாம் நான் பார்ப்பதும் கணக்குதான், இரவில் இவள் போடுவதும் கணக்குதான். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. வங்கிக் கணக்கில் எதையும் விட்டுவிட முடியாது. ஐம்பது பைசா உதைத்தால் ஏழு மணிவரை உட்கார வேண்டும். இயற்பியல் கணக்கிலோ முதல் காரியமே விட்டுவிடுவதுதான். காற்றின் தடையைப் புறக்கணிக்க. கயிற்றின் நிறையைப் புறக்கணிக்க. உராய்வற்ற தளம் எனக் கொள்க. முதலில் இது எனக்கு மோசடியாகப் பட்டது. உலகத்தில் இல்லாத ஒரு சாய்தளத்தை வரைந்து, அதில் யாரும் பார்த்திராத ஒரு கட்டையை வழுக்கவிட்டு, அது எத்தனை விநாடியில் கீழே வரும் என்று கேட்பது.

என் அபிப்ராயம் மாறியது கமலையால். சாய்தளக் கணக்கொன்று பாப்பாவுக்குப் புரியவில்லை. தாத்தா காலத்துக் கமலையை வரைந்து காட்டினேன். கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கும், வடம் உருளைமேல் ஓடிச் சாலை மேலே தூக்கும். மாடு ஏன் சமதரையில் இழுக்கவில்லை, ஏன் பள்ளம் பறித்து அதில் இறக்கினார்கள்? ஒரு ஜோடி மாடு 600 கிலோ, சரிவு 10 பாகை என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். சரிவின் வழியாக எடையின் கூறு 600 × 9.8 × சைன் 10, சுமார் 1020 நியூட்டன். அதாவது 104 கிலோவின் எடை. மாடு இழுக்கவே வேண்டாம், வெறுமனே தன் உடம்பைச் சரிவில் இறக்கினால் போதும், சாலும் தண்ணீருமாக நூறு கிலோ மேலே வந்துவிடும். அந்தச் செலவை மாடு எப்போது கொடுக்கிறது என்றால், வெறும் சாலைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு மேட்டுக்குத் திரும்ப ஏறும்போது. கடன் வாங்கித் தண்ணீர் இறைத்துவிட்டு, பிறகு தவணை கட்டுகிற ஏற்பாடு. வங்கிக்காரனுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது.

ஆனால் இங்கே உராய்வைப் புறக்கணிக்கலாமா என்று பாப்பா கேட்டாள். உருளையில் புறக்கணிக்கலாம், அதற்காகத்தான் எண்ணெய் விடுகிறார்கள். மாட்டின் குளம்பில் புறக்கணித்தால் மாடு மேடேறாது, நின்ற இடத்தில் வழுக்கும். ஒரே கணக்கில் ஓரிடத்தில் விட வேண்டியது இன்னோரிடத்தில் விடக்கூடாதது. இதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. கணக்குப் போடுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். எது அவசியம், எது இல்லாமல் நடக்கும் என்கிற இந்தத் தீர்மானம் ரசனையின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். இயற்பியல்காரர்களுக்கும் அதுதான் பிழைப்பு என்று தெரியாமல் போனது.

வெப்பக் கணக்குகளை வேகமாகத் தாண்டினோம். மண்பானைக் கணக்கு ஒன்று மட்டும் பிடித்திருந்தது. 10 லிட்டர் பானையில் 100 கிராம் தண்ணீர் கசிந்து ஆவியானால் சுமார் 243 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சத் தண்ணீர் 5.8 டிகிரி குளிர வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால். மல்லாங்கிணற்றில் மே மாதத்தில் அப்படி வைத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும்.

மின்காந்தத்துக்கு வந்தோம். புத்தகத்தில் ஒரு கணக்கு: 220 வோல்ட் நேர்மின் மோட்டார், சுருளின் தடை 4 ஓம், ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கிறது. எதிர் மின்னியக்கு விசை எவ்வளவு? பெயரிலுள்ள விசை விசையே இல்லை, அதன் அலகு வோல்ட். ஒரு காலத்தில் தவறாக வைத்த பெயரைத் தமிழிலும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அது இருக்கட்டும். ஓம் விதிப்படி 220ஐ 4ஆல் வகுத்தால் 55 ஆம்பியர் வர வேண்டும். 5தானே வருகிறது என்றேன். பாப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மோட்டார் வெறும் தடைக்கம்பி இல்ல சித்தப்பா."

1831ல் ஃபாரடே காட்டியது: காந்தப்புலத்தில் கம்பி அசைந்தால், அல்லது கம்பியைச் சூழ்ந்த புலம் மாறினால், கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1834ல் லென்ஸ் அதன் திசையைச் சொன்னார்: எந்த மாற்றத்தால் பிறந்ததோ அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசை. மோட்டார் சுழல ஆரம்பித்ததும் அதற்குள்ளேயே மின்னழுத்தம் பிறந்து, வருகிற மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. 220ல் 200ஐ அது எதிர்த்து நிற்கிறது. மிச்சம் 20, அதை 4ஆல் வகுத்தால் 5. ஓடுகிற மோட்டாரைக் காப்பாற்றுவது தடை அல்ல, இந்த எதிர்ப்புதான். சுழற்சி நின்றுவிட்டால் எதிர்ப்பும் போய்விடும். 55 ஆம்பியர் பாயும். ஜூல் 1841ல் எழுதிய கணக்குப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடி: ஓடும்போது 100 வாட், நின்றால் 12,100 வாட். நூற்றிருபத்தொரு மடங்கு.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பது பேர் சொன்ன "குறையும்" காதில் கேட்டது.

புத்தகம் நேர்மின் மோட்டாரோடு நிறுத்திக்கொண்டது. அப்பாவின் மோட்டார்கள் 1888ல் ஃபெர்ராரிஸும் டெஸ்லாவும் தனித்தனியே வெளியிட்ட வகை. உள்ளே சுழலும் பாகத்துக்கு வெளியிலிருந்து கம்பித் தொடர்பே கிடையாது. நிற்கும் சுருள்கள் உண்டாக்கும் சுழலும் காந்தப்புலம் அதைத் தூண்டி இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்ப்பு இங்கேயும் உண்டு, புலத்தை உண்டாக்கும் சுருளிலேயே பிறக்கிறது. மிச்சத்தை நானே போட்டுப் பார்த்தேன். 5 ஹெச்.பி. என்றால் 3730 வாட். 20 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு லிட்டரைத் தூக்க 196 ஜூல். பம்பில் எந்த இழப்பும் இல்லையென்றால் விநாடிக்கு 19 லிட்டர் வரும்; நிஜத்தில் அதைவிடக் குறைவு. எவ்வளவு வந்தாலும் இந்த 196 மாறாது. கிணற்றின் ஆழத்துக்கு லோ வோல்டேஜ் தெரியாது. 415 வோல்ட்டில், ஊர்ப் பேச்சில் 440, ஓட வேண்டிய மோட்டாருக்கு 300தான் வருகிறது என்றால், அதன் இழுவைத் திறனின் உச்சம் மின்னழுத்தத்தின் இருமடிப்படி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. வேலையோ அதே வேலை. மோட்டார் சுழலும் புலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்தங்குகிறது, பின்தங்கியதால் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே திறனைக் கொடுக்க மின்னோட்டம் 415/300 மடங்கு, அதாவது 1.38 மடங்கு ஆக வேண்டும். வெப்பம் அதன் இருமடி, 1.91. சுருளில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பு, மூன்று தொகுதிகளிலும் சமமாக. ஒரே சீராகப் பழுப்பேறி, பிறகு கறுத்து. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் கம்பிமேல் உள்ள காப்புப் பூச்சின் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் ஒரு தோராய விதி.

ஆம்ப்ஸ் கூட இழுக்கும்.

இதில் ஓம் பொய்யாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வோல்டேஜ் ஏன் குறைந்தது? டிரான்ஸ்பார்மரிலிருந்து காட்டின் கடைசிக் கிணறுவரை நீண்டு போகும் கம்பிக்குத் தடை உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால், பாயும் மின்னோட்டத்தை அந்தத் தடையால் பெருக்கினால் வருவது அவ்வளவும் வழியிலேயே போய்விடும். அங்கே V = IR அட்சர சுத்தம். அழுத்தம் குறைந்ததால் ஒவ்வொரு மோட்டாரும் கூடுதலாக இழுக்கும், இழுக்க இழுக்க வழியில் இழப்பு கூடும், கடைசிக் கிணற்றுக்காரன் மோட்டார் முதலில் கருகும். ஒரே கம்பியில், கம்பத்தின் மேலே சரியாக இருக்கிற விதி மோட்டாரின் வாயில் வந்ததும் போதாமல் போகிறது. ஓம் தன் விதியை 1827ல் வெளியிட்டபோது அவர் ஜெர்மனியில் ஒரு பள்ளி வாத்தியார். சொந்த நாட்டில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841ல்தான் வந்தது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது என்ற நிபந்தனை எங்கள் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருந்தது. நாங்கள் அதை மனப்பாடம் செய்து, ஒப்பித்து, தாண்டிப் போனோம். நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் வைத்துக்கொள்வது எத்தனை வசதி.

இந்த வசதி எனக்கு அதோடு நிற்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதினேன். படிமம் இறுக்கமாக இல்லை, வரிகள் தளர்கின்றன, உணர்ச்சி புறவயப்படவில்லை என்று மூன்று பக்கம். எலியட்டின் வாக்கியத்தைத் தடையில்லாச் சான்றிதழ் மாதிரி மேலே ஒட்டியிருந்தேன். எந்த வகைக் கவிதைக்கு, எந்த நிபந்தனையில் அந்த அளவுகோல் செல்லும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவருடைய கவிதைகள் பேச்சில் நிகழ்கிறவை. கிழவிகள் ஒரு சாவைச் சொல்வதுபோல, சுற்றிச் சுற்றி வந்து, சொன்னதையே மறுபடி சொல்லி, கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்பவை. வரி தளர்வது அங்கே இழப்பில்லை, சுமையை இழுக்கிற விதம். கணக்குகள் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஓரிரவு அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்தேன். எல்லாம் நல்ல கவிதைகள் என்று இப்போதும் சொல்லமாட்டேன். பதினோரு கவிதைகள் நல்லவை. அவற்றில் ஒன்பதை நான் பெயர் குறிப்பிட்டுத் தாக்கியிருந்தேன். அவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் கவிதை எதையும் எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை.

அனுபவம் சரி, கோட்பாடு தவறு என்று இதைப் படித்துவிடக்கூடாது. அப்பாவுக்கு எது நடக்கிறது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. இரும்புப்பெட்டிக்கு வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் குறையத்தான் செய்யும், அங்கே நாற்பது பேர் சொன்னதுதான் சரி, என் பொதுவிடை தவறு. என்னைத் திருத்தியதும் ஒரு கோட்பாடுதான், இன்னும் முழுமையான கோட்பாடு. எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898ல் பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். 1928ல் ராமனோடு ஒளிச்சிதறலில் வேலை செய்தவர் என்றுதான் அவரை எல்லாருக்கும் தெரியும். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்த நாட்களில், எஸ்.சி.ஜெயினுடன் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய தண்டில் வெப்பநிலை நுனியிலிருந்து நுனிவரை எப்படி அமைகிறது என்பது. 1954ல் அது வெளிவந்தது. ஒரு சூடான கம்பிக்கு அத்தனை பெரிய மனிதர் அத்தனை பொறுமையாக உட்கார்ந்தார் என்று படித்தபோது எனக்கு அப்பா கடையின் மரப்பலகை ஞாபகம் வந்தது. இருவரும் சந்தித்திருக்க முடியாது, அப்பா பிறப்பதற்கு முன்பே கிருஷ்ணன் அந்தக் கட்டுரையை எழுதிவிட்டார். இருந்தாலும் ஒரே வேலை என்று படுகிறது.

வங்கியில் எனக்கு நகைக்கடன் பிரிவு. சித்திரையில் கம்மலும் மூக்குத்தியும் வருவது கூடும். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் விவசாயச் செலவு என்று எழுதிவிடுவோம்; எல்லாருக்கும் அதே இரண்டு சொற்கள். முன்பெல்லாம் நிமிராமல் எழுதுவேன். இந்த வருஷம் ஒருவரிடம் கேட்டேன். "மோட்டார் வெந்துபோச்சு சார்" என்றார். எப்படி வெந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

கடையை மூடி நாலு வருஷமாகிறது. அப்பாவுக்குக் கண் புரை எடுத்தபின் மெல்லிய கம்பி தெரிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன், பாப்பாவும் வந்தாள். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரிப்பா. லோ வோல்டேஜ்ல ஆம்ப்ஸ் கூடத்தான் இழுக்கும். நான் சொன்னது தப்பு" என்றேன்.

"என்னைக்கு?" என்றார்.

சொன்னேன். தேர்வு, கரும்பலகை, சிகரெட் அட்டை. அவருக்கு ஞாபகமில்லை. அல்லது இல்லை என்று சொன்னார். "அதுக்கென்ன இப்ப" என்றுவிட்டு நோட்டைப் பார்த்தார். "இது என்ன கணக்கு?"

அது நான் கடைசியாகப் போட்டு வைத்திருந்தது. பேஸ் போனபின் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுழலாமல் உறுமுமே, அப்போது எத்தனை விநாடியில் கருகும்? நிற்கும் மோட்டார் சாதாரணத்தைவிட ஆறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். வெப்பம் 36 மடங்கு. ஓடும்போது சுருளில் 300 வாட் என்றால் இப்போது 10,800. செம்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 385 ஜூல். கம்பி 4 கிலோ. இரும்புக்கும் காற்றுக்கும் போகும் வெப்பத்தைப் புறக்கணித்தால் விநாடிக்கு 7 டிகிரி ஏறும். 50 டிகிரியில் இருப்பது 130ஐத் தொட 11 விநாடி.

அப்பா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார். ஆறு மடங்குக்குத் தலையசைத்தார். கம்பியில் வந்ததும் விரல் நின்றது.

"நாலு கிலோவா? யாரு சொன்னா?"

"நானா வச்சுக்கிட்டேன்."

"அஞ்சு ஹெச்.பி. ஸ்லாட்டுல நாலு கிலோ எங்க போயி திணிப்ப? ரெண்டரை வைய்யி."

பாப்பா பென்சிலை வாங்கி, திண்ணையிலேயே உட்கார்ந்து மறுபடி போட்டாள். விநாடிக்கு 11 டிகிரிக்குக் கொஞ்சம் கூட. ஏழு விநாடி என்றாள்.

"ம். அவ்வளவுதான் இருக்கும்" என்றார் அப்பா. "உறுமுற சத்தம் கேட்டு நாம ஓடிப்போயி சுவிட்சுல கைய வைக்கங்குள்ள வாடை வந்துரும்."